நம் கருத்து யார் சொல்லி வந்தது? ‘இரண்டு படி ஓட்டம்’, ஓர் எளிய அறிமுகம்

என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பெரியாற்றில் இன்றைக்கு எத்தனை அடி, வைகை அணையில் எத்தனை அடி என்று எந்த நாள் கேட்டாலும் சொல்லும்.

எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். பெரியாறு பாசனத்தில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை சுமார் 45 ஆயிரம் ஏக்கருக்கு இரண்டு போகம். கள்ளந்திரியைத் தாண்டி மேலூருக்கு வருகிற கால்வாயை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு போகம்தான், அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். அதனால் அந்த இரண்டு எண்களும் எங்கள் ஊரில் தினமும் பேசப்படும். காலையில் பெரியப்பா டீக்கடைக்குப் போவார். அங்கே பேப்பர் வரும். யாராவது ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். திரும்பி வரும் வழியில் பெரியப்பா எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “பெரியாறு நூத்திப் பதினெட்டு, வைகை நாப்பத்தி ரெண்டு” என்பார். அதோடு நிறுத்தமாட்டார். “இந்த வருசம் நமக்குத் தண்ணி விடுறது சந்தேகந்தேன். மேல உள்ளவுகளுக்கே பத்தாது” என்பார். மத்தியானம் கம்மாய்ப் பக்கம் போகிறவர்களிடம் அப்பத்தா தானாக அதைச் சொல்லும்போது எண்கள் உதிர்ந்து போயிருக்கும், கேட்டால்தான் எண்ணைச் சொல்லும். “தண்ணி வராதாம்ல” என்பது மட்டும்தான் மிஞ்சும்.

இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அடிக்கணக்கு பேப்பரில் இருந்தது. தண்ணீர் வராது என்பது பேப்பரில் இல்லை. அது பெரியப்பா முப்பது வருடம் வரப்பில் நின்று பார்த்ததிலிருந்து வந்தது. அப்பத்தா நம்பியது பெரியப்பாவை. பேப்பரை அது தொட்டதுகூடக் கிடையாது. ஊடகத்திலிருந்து கிளம்புகிற செய்தி, அதை விடாமல் கவனிக்கிற ஒருவரிடம் முதலில் வருகிறது. அங்கே அவருடைய விளக்கமும் சேர்ந்துகொள்ள, அவரோடு பேசிப் பழகுகிற மற்றவர்களுக்குப் போகிறது. தகவல் தொடர்பியலில் இதற்கு ‘இரண்டு படி ஓட்டம்’ என்று பெயர். நடுவில் நிற்கிற பெரியப்பா மாதிரி ஆட்களைக் ‘கருத்துத் தலைவர்கள்’ என்பார்கள்.

ஊரில் நாலு பேர் பேசிக்கொள்வதற்கு ஒரு கோட்பாடா என்று தோன்றலாம். எனக்கும் கல்லூரியில் முதல் தடவை படித்தபோது அப்படித்தான் தோன்றியது. ஆனால் இதைக் கண்டுபிடித்தவர்கள் இதைத் தேடிப் போகவே இல்லை.

ஓஹையோவில் 600 பேர்

1940-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ரூஸ்வெல்ட்டுக்கும் வில்கிக்கும் அதிபர் தேர்தல் போட்டி. வானொலி வீட்டுக்கு வீடு வந்துவிட்ட காலம். ஒலிபெருக்கிக்குப் பின்னால் இருப்பவர் என்ன சொன்னாலும் மக்கள் அப்படியே நம்பிவிடுவார்கள் என்ற அச்சம் அப்போது பலருக்கும் இருந்தது. வியன்னாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற ஆய்வாளர், பெர்னார்ட் பெரெல்சன், ஹேசல் காடெட் இருவரையும் சேர்த்துக்கொண்டு, ஓஹையோ மாநிலத்தின் ஈரி என்ற மாவட்டத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மே மாதம் முதல் நவம்பர் வரை, அதே 600 பேரிடம் திரும்பத் திரும்பப் போய் யாருக்கு ஓட்டு, ஏன், எதைப் படித்தீர்கள், எதைக் கேட்டீர்கள் என்று கேட்டார்கள். பேப்பரும் வானொலியும் எத்தனை பேரை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இழுக்கின்றன என்று அளந்து பார்ப்பதுதான் நோக்கம்.

அப்படி இழுக்கப்பட்டவர்கள் மிகக் குறைவு. பாதிப் பேர் மே மாதத்திலேயே முடிவு செய்து வைத்திருந்தார்கள். கடைசி நேரம் வரை முடிவு செய்யாமல் இருந்தவர்களோ, பேப்பர் படிப்பதிலும் வானொலி கேட்பதிலும் எல்லோரையும்விடப் பின்தங்கியவர்கள். அவர்களிடம் எப்படி முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்டபோது வந்த பதில், வீட்டில் பேசிக்கொண்டார்கள், வேலை செய்கிற இடத்தில் ஒருவர் சொன்னார் என்கிற மாதிரிதான் இருந்தது. தேர்தலைப் பற்றி எங்கே அதிகம் கேள்விப்பட்டீர்கள் என்று விசாரித்தபோதும் வானொலியையும் பேப்பரையும்விட ஆட்களோடு பேசிய பேச்சே முன்னால் நின்றது. 1944-இல் வந்த அந்த ஆய்வின் முடிவில்தான் இரண்டு படி ஓட்டம் என்ற யோசனை முதலில் சொல்லப்பட்டது.

பேச்சுக்கு ஏன் இவ்வளவு பலம் என்பதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. படிக்கும்போது எங்கள் தெருவைப் பார்த்து எழுதியது போல இருக்கும். முதலாவது, பேச்சு சொல்லிவிட்டு வருவதில்லை. தொலைக்காட்சியில் ஒரு கட்சித் தலைவர் பேசுகிறார் என்றால், பிடிக்காதவர் எழுந்து போய்விடுவார், சேனலை மாற்றிவிடுவார். பூக்கட்டிக்கொண்டே பக்கத்து வீட்டு அக்கா ரேஷன் அரிசியிலிருந்து ஆரம்பித்து எங்கேயோ போகும்போது நாம் எழுந்து போவதில்லை. அது அரசியல் என்றே நமக்குத் தெரிவதில்லை. இரண்டாவது, பேசுகிறவர் நம் முகத்தைப் பார்க்கிறார். புருவம் சுருங்கினால் பேச்சை அந்த இடத்தில் விட்டு வேறு பக்கமாக வருவார். அச்சடித்த தாளால் அது முடியாது. மூன்றாவது, நம்பிக்கை. மாமா பொய் சொல்லி அவருக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைக்கிறோம். நான்காவதாக, கருத்தே மாறாமல் காரியம் நடந்துவிடும். “வாத்தா, வெயிலுக்கு முன்ன ஓட்டுப் போட்டுட்டு வந்துருவோம்” என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிற ஒருவர் போதும். எந்த வாதமும் தேவையில்லை.

யார் அந்தத் தலைவர்?

புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுகிற இடம் இது. கருத்துத் தலைவர் என்றதும் மேடையில் பேசுகிறவர், பஞ்சாயத்துத் தலைவர், ஊர்ப் பெரிய மனிதர் என்று எடுத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. லாசர்ஸ்ஃபெல்ட்டும் எலிஹு காட்ஸும் 1955-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் என்ற நகரத்தில் சுமார் 800 பெண்களிடம், எந்தச் சாமான் வாங்குவது, எப்படி உடுத்துவது, எந்தப் படம் பார்ப்பது, பொது விஷயங்களில் என்ன நினைக்கிறீர்கள் என்ற நான்கைப் பற்றியும், அதில் யார் சொல் கேட்பீர்கள் என்றும் விசாரித்தார்கள். நான்குக்கும் நான்கு விதமான ஆட்கள் வந்தார்கள். சாமான் வாங்குவதில் பெரிய குடும்பத்தைக் கட்டி நடத்துகிற பெண்கள். உடைக்கும் படத்துக்கும் இளம் பெண்கள். பெரும்பாலும் தன்னைப் போன்ற நிலையில் இருக்கிறவர்களையே ஒருவர் கேட்டார். மேலே இருப்பவர் சொல்லிக் கீழே இருப்பவர் கேட்கிற ஏற்பாடாக அது இல்லை. பொது விஷயங்களில் மட்டும் பெண்கள் அதிகமாக வீட்டு ஆண்களின் பெயரைச் சொன்னார்கள். அந்த விதிவிலக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர், வயல் என்றால் பெரியப்பா. எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்றால் அத்தை. குடும்பத்தில் ஆறு பேருக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவர் அவர். பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்றால் சித்தி மகள். மாடு, வாடிவாசல் என்றால் பாலமேட்டு மாமா, அவருக்கு மேல் ஒருவர் கிடையாது. இவர்களில் ஒருவர்கூட எந்தக் கட்சியிலும் இல்லை. ஒரு விஷயத்தில் தலைவராக இருப்பவர் இன்னொன்றில் சாதாரணக் கேட்பவராக உட்கார்ந்திருப்பார். ஆஸ்பத்திரிப் பேச்சு வந்தால் பெரியப்பா வாயைத் திறக்கமாட்டார்.

டீக்கடையில் பேப்பரைச் சத்தமாக வாசிப்பவரும் அந்தக் காலை நேரத்துக்கு ஒரு தலைவர்தான். இதில் மதுரைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1942-இல் சி.பா. ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கியது மதுரையில்தான். படிப்பறிவு குறைவாக இருந்த காலத்தில் எளிய பேச்சு நடைக்குப் பக்கமான தமிழில், பெரிய எழுத்துத் தலைப்புகளோடு அந்தப் பத்திரிகை வந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கூட வாய்விட்டு வாசிக்கலாம், பக்கத்தில் இருப்பவருக்கும் புரியும். ஒரு பிரதியை ஒருவர் வாங்க, பத்துப் பேர் காதால் படித்தார்கள். இரண்டாவது படி ஒன்று இருக்கிறது என்பதை ஓஹையோ ஆய்வு அச்சில் வருவதற்கு முன்பே டீக்கடை பெஞ்சுகள் தெரிந்து வைத்திருந்தன என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஒரு காதுகுத்து, ஒரு தட்டு இட்லி

வாழ்க்கைப் பேச்சு எங்கே முடிந்து அரசியல் பேச்சு எங்கே தொடங்குகிறது? கோடு போட முடியாது என்பது என் அனுபவம். ஓர் இரவை மட்டும் சொல்கிறேன்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரை சிம்மக்கல் பகுதியில் உள்ள ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் கட்டமாக 1,545 அரசுப் பள்ளிகளில், ஐந்தாம் வகுப்பு வரை. டிவியில் பார்த்தோம், பேப்பரில் படித்தோம். சில வாரம் கழித்து உறவில் ஒரு காதுகுத்து. விருந்து முடிந்து, மொய் எழுதி முடிந்து, ஜமுக்காளத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். வெற்றிலைத் தட்டு சுற்றி வந்தது. பேச்சு அங்கிட்டு இங்கிட்டுப் போய்க் கடைசியில் இதற்கு வந்தது.

சித்தப்பா சொன்னார்: “மத்தியானச் சோறு சரி. காலைலயும் அரசாங்கமே போட்டா, பெத்தவுக எதுக்கு இருக்காக?”

நான் உட்படப் பலரும் தலையாட்டினோம். அப்போது அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்த மதினி பேசினார். “எங்க தெருவுல நாலு பேரு காலைல ஆறு மணிக்குச் சித்தாள் வேலைக்கு வந்து நிக்கணும் சின்ன மாமா. நிக்கலைன்னா அன்னைக்கு ஆள் இல்ல, கூலி இல்ல. அவ பிள்ளைக்கு இட்லி அவிக்கிறதா, போய் நிக்கிறதா?” யாரும் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். தான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது காலையில் தண்ணீர் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனது, இரண்டாவது பீரியடில் தலை சுற்றியது, தூங்குகிறாள் என்று டீச்சர் எழுப்பி நிற்க வைத்தது. சித்தப்பா வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, “அப்ப கூலி கூடுனா இந்த நெலம வராதுல்ல” என்றார். பேச்சு கூலிக்குப் போனது. கூலியிலிருந்து வரிக்கு. வரியிலிருந்து யார் கட்டுகிறார்கள், யார் கட்டுவதில்லை என்பதற்கு. பதினோரு மணி ஆகியும் யாரும் எழவில்லை.

அந்தத் திட்டத்தைப் பற்றி நான் அதற்கு முன் ஒரு முழு விவாத நிகழ்ச்சி பார்த்திருந்தேன். என் கருத்து அசையவில்லை. மதினியின் நாலு வாக்கியத்தில் அசைந்தது. எனக்குச் செய்தியில் குறைவில்லை. அந்தச் செய்தியை ஒரு காலை ஆறு மணிக்குள் வைத்துக் காட்ட ஆள் இல்லாமல் இருந்தது. இரண்டாவது படியில் நடப்பது இதுதான். செய்தி அங்கே கை மாறுவதோடு நின்றுவிடுவதில்லை, யாரோ ஒருவருடைய வாழ்க்கைக்குள் போய் வருகிறது.

பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊர் எங்களுடையது. சாலமன் பாப்பையா நடுவராக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் வரை எழாமல் கேட்டிருக்கிறோம். வீட்டுப் பேச்சுக்கு நடுவர் கிடையாது, அணி கிடையாது. சித்தப்பா தோற்றுப் போகவில்லை. அதனால்தான் அவரால் மாற முடிந்தது.

கீழிருந்து மேலே

சரி, தலைவர் சொல்ல மற்றவர் கேட்பது மட்டும்தானா? எதிர்த் திசையிலும் ஓடும். அதற்கு மதுரையிலேயே உலகம் அறிந்த உதாரணம் இருக்கிறது. 1921 செப்டம்பரில் காந்தி சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வருகிறார். பெட்டியில் இருந்தவர்கள் அந்நியத் துணி உடுத்தியிருக்கிறார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுத்துக் கதர் உடுத்தச் சொல்கிறார். கதர் விலை அதிகம், வாங்க முடியாத ஏழைகள் நாங்கள் என்று அவர்கள் தலையை அசைக்கிறார்கள். அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. தான் தொப்பி, சட்டை, முழு வேட்டியோடு உட்கார்ந்துகொண்டு இவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற கேள்வி வந்தது. மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில், செப்டம்பர் 22 அன்று, இடுப்பில் ஒரு துண்டு மட்டும் உடுத்தத் தொடங்கினார். அந்த முடிவு ஏற்கனவே அவர் மனதில் அசைபோட்டுக்கொண்டிருந்ததுதான். ஆனாலும் ரயில் பெட்டியில் பெயர் தெரியாத சிலர் சொன்ன மறுப்புக்கு அதில் பங்கு உண்டு என்பதை அவரே எழுதியிருக்கிறார். நாட்டிலேயே பெரிய கருத்துத் தலைவர், முன்பின் தெரியாத சக பயணிகளிடம் கேட்டுக்கொண்டார்.

பேசாமல் போகிறவர்கள்

இன்னொரு ரயில் பெட்டி. ஜெர்மனியைச் சேர்ந்த எலிசபெத் நோயல் நோய்மான் என்ற ஆய்வாளர் மக்களிடம் ஒரு கேள்வி கேட்டார். ஐந்து மணி நேர ரயில் பயணம். எதிரே இருப்பவர் ஒரு சர்ச்சையான விஷயத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். நீங்கள் அவரோடு பேசுவீர்களா, பேசாமல் இருந்துவிடுவீர்களா? நம் கருத்து ஊரோடு ஒத்துப்போகிறது என்று தோன்றினால் பேசுகிறோம். நாம் மட்டும் தனியாக நிற்கிறோம் என்று தோன்றினால் வாயை மூடிக்கொள்கிறோம். நாம் மூடிக்கொள்வதால் எதிர்க்கருத்து இன்னும் பெரிதாகத் தெரிகிறது, அதைப் பார்த்து இன்னொருவர் மூடிக்கொள்கிறார். 1974-இல் அவர் இதற்கு ‘மௌனச் சுழல்’ என்று பெயர் வைத்தார். இரண்டு படி ஓட்டத்தைப் படிக்கிறவர்கள் இதையும் சேர்த்துப் படித்தால்தான் படம் முழுதாகும் என்பது என் எண்ணம். ஓட்டம் என்றால் எங்கோ அடைப்பும் இருக்கும்.

வைகை எக்ஸ்பிரஸில் மதுரையிலிருந்து சென்னை வரை ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எத்தனையோ தடவை அந்தக் கேள்விக்கு என் பதில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதாகத்தான் இருந்திருக்கிறது. ரயிலில் பரவாயில்லை, இறங்கினால் தீர்ந்தது. வீட்டில் அப்படி இல்லை. புதிதாக வாக்கப்பட்டு வந்த பெண், மாமனார் முன்னால் எந்தச் சின்னத்துக்குப் போடுவாள் என்று சொல்லமாட்டாள். மாமனார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளையும் சொல்லமாட்டார். டிகேட்டர் ஆய்வில் பெண்கள் பொது விஷயத்துக்கு மட்டும் வீட்டு ஆண்களின் பெயரைச் சொன்னது நினைவிருக்கும். தெரியாததால் சொன்னார்களா, தெரிந்தாலும் தன்னை யாரும் கேட்பதில்லை என்பதால் சொன்னார்களா? அடுப்படி வாசலில் இருந்த மதினியை நினைத்துக்கொண்டால் எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. அன்றைக்கு அவர் பேசாமல் இருந்திருந்தால், சித்தப்பாவின் கருத்தே எங்கள் எல்லோரின் கருத்தாக அந்த ஜமுக்காளத்திலிருந்து எழுந்து போயிருக்கும்.

சாதிப் பேச்சில் இந்தச் சுழல் இன்னும் ஆழம். கல்யாண வீட்டில் ஒருவர் இன்னொரு சாதியைப் பற்றிக் கேவலமாக ஒரு வார்த்தை சொல்வார். பத்துப் பேரில் நான்கு பேருக்கு அது பிடிக்காது. நான்கு பேரும் கை கழுவ எழுந்து போவார்கள். நானும் போயிருக்கிறேன், அதற்காக வருந்துகிறேன். மிச்சம் இருக்கிற சிறுவர்கள், இதுதான் நம் எல்லோருடைய எண்ணமும் என்று அங்கே உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார்கள். இதே மதுரையில்தான் 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர், கோவிலுக்குள் விடப்படாதிருந்த மக்களை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் அழைத்துப் போனார். வைதிகர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. சொந்த வட்டத்துக்குள் அப்படி நிற்பது எவ்வளவு கடினம் என்பதை, கை கழுவ எழுந்து போன யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழு

இப்போது எங்கள் திண்ணை போனுக்குள் இருக்கிறது. அறுபத்து மூன்று பேர். அதில் ஒரு சிக்கலை மட்டும் சொல்கிறேன். பெரியப்பா திண்ணையில் சொன்னது அவருடைய சொல். “யாரு சொன்னா?” என்று கேட்டால் “கடைல பேப்பர்ல பாத்தேன்” என்பார், அல்லது “நானாத்தான் சொல்றேன்” என்பார். குழுவில் மாமா அனுப்புவது மாமாவின் சொல் இல்லை. யாரோ எழுதியது, மாமாவின் பெயரோடு வந்து சேர்கிறது. மாமா மேல் நாம் வைத்திருக்கிற நம்பிக்கை முழுவதும், முகம் தெரியாத ஒருவருக்குப் போய்விடுகிறது. இரண்டாவது படி இருப்பது போலத் தெரியும், ஆனால் அங்கே யாரும் நிற்கவில்லை.

இந்தியாவில் வதந்திகளால் உயிர்கள் போன பிறகு, 2018-இல் வாட்ஸ்அப் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இங்கே கட்டுப்படுத்தியது. பல கை மாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி போட்டு, 2020 ஏப்ரலிலிருந்து அதை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றார்கள். அந்த இரட்டை அம்பைப் பார்த்தால் நான் மாமாவுக்குப் போன் போட்டு, “நீங்க என்ன மாமா நினைக்கிறீங்க?” என்று கேட்பேன். பெரும்பாலும் அனுப்பியதற்கும் அவர் நினைப்பதற்கும் ரொம்ப தூரம் இருக்கும். போனில் அவர் சொல்வதுதான் எனக்கு வேண்டியது.

கோட்பாடு எங்கே போதவில்லை?

படிகள் இரண்டுதான் என்பதைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. பெரிய செய்தி எல்லோருக்கும் நேராகவே வந்துவிடுகிறது, யாரும் நடுவில் நின்று சொல்லத் தேவையில்லை. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் முல்லைப் பெரியாற்றில் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அதே நாளில் ஜல்லிக்கட்டுக்குத் தடையும் விதித்தது. எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குச் சந்தோஷமும் துக்கமும் ஒரே மத்தியானத்தில் வந்த நாள் அது. அதை ஊருக்குச் சொல்ல ஒரு பெரியப்பா வேண்டியிருக்கவில்லை. என்ன செய்யலாம் என்பதற்குத்தான் பேச்சு வேண்டியிருந்தது. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் மதுரை தமுக்கம் மைதானத்திலும் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியவர்கள் போன் வழியாக, நண்பர்களின் நண்பர்கள் வழியாக வந்தார்கள். எத்தனை படி என்று எண்ணவே முடியாது. ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்தும், மறுநாள் மாடு விட அலங்காநல்லூர் மக்கள் சம்மதிக்கவில்லை. நிரந்தரச் சட்டம் வேண்டும் என்றார்கள். 23-ஆம் தேதி சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. பலமுறை கூடிப் பேசியிருந்தால் ஒழிய ஒரு ஊர் அப்படிச் சேர்ந்து நிற்காது.

அரிட்டாபட்டியை எடுத்துக்கொண்டால் கோட்பாடு மறுபடி உயிரோடு வந்து நிற்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது, மேலூர் வட்டத்தில். இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், அந்தச் சுற்றுவட்டாரத்தில் சுமார் 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் எடுக்க ஒன்றிய அரசு ஏலம் விட்டதாகச் செய்தி வந்தது. டங்ஸ்டன் என்றால் என்ன? எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தையே புதிது. பல்பில் எரிகிற கம்பி என்று பள்ளிக்கூடப் பையன் சொன்னான். நிலத்தடியில் தோண்டினால் கண்மாய் என்ன ஆகும், குகைக் கோவில் என்ன ஆகும், மலை என்ன ஆகும் என்று படித்தவர்கள் விளக்கினார்கள். மந்தையில் பேசினார்கள், நூறு நாள் வேலை செய்கிற இடத்தில் பேசினார்கள். வயதானவர்கள் எந்தப் பாறை இடுக்கில் எந்த மாதம் சுனை ஊறும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கில் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்று ஒன்றிய அரசு அறிவித்தது. அந்த இரண்டரை மாதம் எங்கள் குடும்பத்தில் வேறு பேச்சே இல்லை. பேரணிக்குப் போன அத்தையிடம் டங்ஸ்டனைப் பற்றி யார் கேட்டாலும் அரை மணி நேரம் பேசுவார். ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்றிருந்தவர் இப்போது இதற்கும் சேர்த்துத் தலைவர் ஆகிவிட்டார்.

இந்தக் கோட்பாட்டைப் புரிந்துகொள்ள நான் மாணவர்களுக்குச் சொல்கிற ஒரு பயிற்சி உண்டு. ஒரு வாரம் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொது விஷயத்தில் நீங்கள் சொல்கிற ஒவ்வொரு கருத்துக்கும் எதிரே, இதை முதலில் யார் வாயால் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். செய்தி எங்கே வந்தது என்பதை எழுத வேண்டாம், அது எளிது. அதன் அர்த்தத்தை யார் சொன்னது என்பதுதான் கேள்வி.

நானும் எழுதிப் பார்த்தேன். என் சொந்தக் கருத்து என்று நான் பல வருடமாக நம்பிக்கொண்டிருந்த மூன்றில் அத்தையின் பெயர் வந்து விழுந்தது. அதில் ஒன்று, தாலுகா ஆஸ்பத்திரியில் டாக்டர் பற்றாக்குறையைவிட நர்ஸ் பற்றாக்குறைதான் பெரிய பிரச்சினை என்பது. அன்று இரவே போன் செய்து, “இத உங்களுக்கு யார் அத்தை சொன்னது?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “மாட்டுத்தாவணில பூக்கட வச்சிருக்காள்ல, அவ மக பிரசவத்துக்கு இருந்தப்ப சொன்னாப்பா. அவளுக்கு யாரு சொன்னாகன்னு தெரியல. நாளைக்குப் பூ வாங்கப் போறேன், கேட்டுச் சொல்றேன்” என்றார்.